பழைய வீட்டுக் கொம்பியூட்டருக்கு வேகமான ராம்: காசு போடலாமா?

வாசகர் கேள்வி, விசுவமடுவில் இருந்து. 2025 புரட்டாதி (செப்டெம்பர்) 20

வீட்டில இருக்கிறது 2012இல வாங்கின மேசைக் கொம்பியூட்டர். இன்டெல் ஐ3-2100, எச்61 மதர்போட், 4 ஜிபி ராம் ஒண்டு (1333 எண்டு ஒட்டியிருக்கு), 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைப் போட்டிட்டுத் தேத்தண்ணி வச்சுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கொண்டுதான் இருக்கும். மகள் ஓ.எல். படிக்கிறாள். சூம் வகுப்பையும் பிறவுசரையும் சேர்த்துத் திறந்தால் இறுகிப்போய் நிக்குது. கிளிநொச்சியில ஒரு கடையில கேட்டன், "1333ஐக் கழட்டிப்போட்டு 1600 போடுங்கோ, பறக்கும்" எண்டு சொல்லினம். முறிகண்டியில தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் ராமின்ர வேகத்தால ஒண்டும் நடக்காது எண்டுறான். ஆர் சொல்லுறது சரி? நான் முன்பள்ளி ஆசிரியை. கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்கோணும்.

புரட்டாதி 20, இரவு

பெடியன் சொல்லுறதுதான் கிட்டத்தட்டச் சரி. ராம் எண்டது கொம்பியூட்டர் ஓடேக்க தேவையானதைக் கையில வச்சிருக்கிற தற்காலிக மெமரி. 1333, 1600 எண்டுறது அதின்ர வேக இலக்கம். உங்கட ஐ3-2100 எண்ட புரொசசர் (கொம்பியூட்டரின்ர மூளை) இன்டெல்லின்ர இரண்டாம் தலைமுறை, 2011இல வந்தது. மெமரியோட கதைக்கிற பகுதி அந்தப் புரொசசருக்குள்ளயே இருக்கு. அதுக்கு இன்டெல் குடுத்த உச்சம் 1333. நீங்கள் 1600 வாங்கிப் போட்டாலும் அது 1333இலதான் ஓடும். கூடின இலக்கம் ஸ்டிக்கரில மட்டும் இருக்கும்.

இப்போதைக்கு ஒண்டும் வாங்காதேங்கோ அக்கா. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். கொம்பியூட்டர் இறுகி நிக்கிற நேரம் பார்த்து மெமரி எத்தனை வீதம், டிஸ்க் எத்தனை வீதம் எண்டு ஃபோனில படம் எடுத்து அனுப்புங்கோ.

புரட்டாதி 21, பின்னேரம்

படம் வந்தது. மெமரி 90 வீதத்துக்கு மேல, டிஸ்க் 100 வீதம். புரொசசர் பாவம், வேலையில்லாமல் கால் நீட்டிக்கொண்டு இருக்கு.

நடக்கிறது இதுதான். விண்டோஸும் பிறவுசரும் சூமும் சேர்ந்து 4 ஜிபியை நிரப்பிப்போடுது. இடம் காணாமல் போனவுடன, இப்ப தேவைப்படாததெல்லாம் ஹாட் டிஸ்கில இருக்கிற பேஜ் ஃபைலுக்குப் போகுது. மகள் அடுத்த பக்கத்தைக் கிளிக் பண்ணினவுடன அது திரும்பி வரோணும், வேற ஒண்டு வெளியில போகோணும். ராமில இருந்து ஒரு சாமானை எடுக்க நூறு நானோ செக்கனுக்கும் குறைவாகத்தான் செல்லும். ஹாட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தரம் சுத்துது. ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செக்கன். தேடுற இடம் வாசிக்கிற ஊசிக்குக் கீழ வர சராசரி அரைச் சுத்து, அதுக்கு 4 மில்லி செக்கனுக்கு மேல. ஊசி நகருற நேரத்தையும் சேர்த்தால் 10ஐத் தாண்டும். ராமோட பார்த்தால் ஒரு லட்சம் மடங்கு பிந்தி. இந்த நிலைமையில ராமை 1333இல இருந்து 1600 ஆக்கிறது, இரணைமடுக் குளத்தில துருசை (மதகை) திறக்காமல் வாய்க்காலை அகலமாக்கின மாதிரி.

உங்களுக்குத் தேவை கூடின ராம். வேகமான ராம் வேண்டாம். டாஸ்க் மனேஜரில "ஸ்லொட்" (ராம் செருகிற இடம்) எண்டு ஒரு வரி இருக்கும், 2இல 1 எண்டு காட்டும். மற்றது காலியாக இருந்தால் அதில இன்னொரு 4 ஜிபி.

புரட்டாதி 21, இரவு

துருசுக் கதைக்குக் கனபேர் பதில் போட்டிருக்கினம். ஒருத்தர் இந்தப் போகத்துக்குத் தண்ணி எப்ப திறப்பினம் எண்டு கேக்கிறார். ஐயா, நான் ராம் மட்டும்தான் பார்க்கிறனான்.

புரட்டாதி 23

ஸ்காபரோவில இருந்து ஒரு அண்ணை நீட்டாக எழுதியிருக்கிறார்: "1600 எண்டது 1333ஐ விட 20 வீதம் கூட. அப்ப 20 வீதம் வேகம் கூடத்தானே வேணும். நீங்கள் ஆக்களைப் பின்னுக்கு இழுக்கிறியள்."

அண்ணை, 20 வீதம் கூடுறது ஒரே நேரத்தில பாயிற அளவு. 1333 ஒரு சனலில (ராமுக்கும் புரொசசருக்கும் இடையில இருக்கிற பாதையில) செக்கனுக்கு 10.6 ஜிபி, 1600 எண்டால் 12.8 ஜிபி. அதில நான் வாதாட வரேல்லை. ஆனால் புரொசசர் பெரும்பாலும் கேக்கிறது சின்னச் சின்னத் துண்டுகள். முதல் துண்டு வரும்வரைக்கும் காத்திருக்கிற நேரம்தான் ஆளைக் கொல்லுறது. அதுக்கு ராமில சிஎல் எண்டு ஒரு இலக்கம் இருக்கும், கடையில ஒருத்தரும் அதைச் சொல்லமாட்டினம். சாதாரண 1333 ராம் சிஎல்9. சாதாரண 1600 ராம் சிஎல்11. கணக்குப் போட்டுப் பாருங்கோ: 1333இன்ர உண்மையான துடிப்பு 667 மெகாஹேர்ட்ஸ். ஒன்பது துடிப்புக்கு 13.5 நானோ செக்கன். 1600இன்ர துடிப்பு 800. பதினொரு துடிப்புக்கு 13.75. வேகமான ராம் எண்டு காசு குடுத்து வாங்கினது, முதல் துண்டுக்கு ஒரு மயிரிழை பிந்தி வருகுது!

இதுக்கு மேல ஐ3-2100க்குள்ள 3 எம்பி காஷ் இருக்கு. அடிக்கடி தேவைப்படுறதை அதுக்குள்ளயே வச்சிருக்கும். கேள்வியளில கொஞ்சம்தான் ராம் வரைக்கும் போறது. வேர்ட்டில கடிதம் அடிக்கிறவைக்கு, பிறவுசரில பாடம் பார்க்கிறவைக்கு இந்த 20 வீதம் கைக்கு எட்டாது. வீடியோ எடிட்டிங், பெரிய ஃபைல்களைச் சுருக்கிறது (ஸிப்) போன்ற வேலையளில கொஞ்சம் தெரியும். அதுவும் 1600ஐ ஏற்கிற புரொசசர் இருந்தால்.

புரட்டாதி 24, காலை

மல்லாவித் தம்பி பதறிப்போய்க் கேக்கிறார். 1333 எண்டு வாங்கினாராம், சிபியு-இசட் எண்ட விபரம் காட்டுற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 665 காட்டுதாம், கடைக்காரர் பாதிதான் தந்திட்டார் எண்டு சண்டைக்குப் போகப் போறாராம்.

போகாதேயும் தம்பி. இந்த ராம் எல்லாம் டிடிஆர் வகை, இந்த 1333, 1600 அதில மூண்டாம் தலைமுறை, டிடிஆர்3. டிடிஆர் எண்டதே ஒரு துடிப்புக்கு இரண்டு தரம் அனுப்புற முறை. 665ஐ இரண்டால பெருக்கும். சாமான் சரி.

புரட்டாதி 27

நான் மேல எழுதினதை ராமின்ர வேகம் எங்கயும் உதவாது எண்டு எடுத்துக்கொண்டு சிலர் ஓடினம். அதுக்கு ஒரு வேலி போடோணும்.

கிராபிக்ஸ் கார்ட் தனியாக இல்லாத கொம்பியூட்டரில படம் காட்டுற பகுதியும் இதே ராமைத்தான் பாவிக்குது. அந்தப் பகுதிக்குக் காத்திருக்கிற நேரம் பெரிசில்லை, பாயிற அளவுதான் முக்கியம். புரொசசர் கேக்கிறதுக்கு நேர்மாறு. அதால கேம் விளையாடுற பெடியளுக்கு ராம் வேகம் கண்ணுக்குத் தெரியும். முக்கியமாக ஏஎம்டி கொம்பனியின்ர ஏ8, ஏ10 வகைப் புரொசசர். ஏ10-7850கே 2133 வரைக்கும் ஏற்கும். அதில 1333ஐப் போட்டு ஓட்டுறது அநியாயம். பிறகு வந்த ரைசன் 3 2200ஜி, அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்4இல 2933 வரைக்கும் போகும், அதுவும் அப்பிடித்தான்.

ஆனால் இங்கயும் இலக்கத்தைத் துரத்துறதுக்கு முதல் செய்யவேண்டிய ஒண்டு இருக்கு: ஒரு 8 ஜிபிக்குப் பதிலாக இரண்டு 4 ஜிபி. இரண்டு ஸ்லொட்டிலயும் ஒரே அளவு போட்டால் இரண்டு சனலும் சேர்ந்து ஓடும். 10.6 எண்டது 21 ஜிபி ஆகும். 1333ஐ 1600 ஆக்கினால் 20 வீதம், ஒண்டை இரண்டாக்கினால் இரட்டிப்பு. பரந்தனில மச்சான்ர மகன்ர கொம்பியூட்டருக்கு அப்பிடித்தான் செய்து குடுத்தன். அதே பழைய 1333, பாவிச்ச சாமான்தான். கார் ஓட்டுற கேம் முன்னம் வெட்டி வெட்டி ஓடினது, இப்ப ஒழுங்காக ஓடுது. அதுக்குப் பிறகு அவன் படிக்கிறதில்லை எண்டு தாய் என்னைத்தான் பேசுறா.

விசுவமடு அக்கா, உங்கட மதர்போட்டிலயும் இரண்டு ஸ்லொட்தான். 4ஓட 4 சேர்த்தால் அளவும் கூடும், சனலும் இரட்டிக்கும். ஒரு செலவு, இரண்டு வேலை.

புரட்டாதி 28

வேறவேறு வேக ராமைக் கலக்கலாமோ எண்டு கேட்டவைக்கு: கலக்கலாம். இரண்டும் குறைஞ்சதின்ர வேகத்தில ஓடும். வேறவேறு கொம்பனி எண்டால் சிலவேளை ஒத்துவராமல் இடையில நீலத் திரை வரும். வாங்கமுதல் கடையிலயே போட்டு ஓட்டிப் பாருங்கோ. வீட்டில இரவு படுக்கேக்க ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ஐ ஓடவிட்டால் விடிய முடிவு தெரியும். சிவப்பு வரி ஒண்டு வந்தாலும் திருப்பிக் குடுக்கிறதுதான்.

ஐப்பசி 2, இரவு

இது கொஞ்சம் நீளும். புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அண்ணை மலிவு விலையில 4 ஜிபி டிடிஆர்3 இணையத்தில எடுப்பிச்சிருக்கிறார். போட்டவுடன ஃபான் சுத்துது, திரையில ஒண்டும் இல்லை. பழைய ராமைப் போட்டால் வேலை செய்யுது. கடைக்கு எழுதினால் "உங்கட போட் பழுது" எண்டு பதில்.

அண்ணை, ராமின்ர படத்தை வடிவாகப் பெருப்பிச்சுப் பார்த்தன். ஒரு மூலையில "ஏஎம்டிக்கு மட்டும்" எண்டு சின்ன எழுத்தில இருக்கு. அப்பிடியான ராம் கனகாலமாகச் சந்தையில சுத்துது. உள்ளுக்குள்ள சிப் அடுக்கின முறை வேற, இன்டெல் போட் அதை வாசிக்காது. அதுதான் அந்த மலிவு.

இதைவிட மோசமான பொறி ஜி41 போட் வச்சிருக்கிறவைக்கு. கோர் 2 டுவோ காலத்துக் கொம்பியூட்டர், பள்ளிக்கூடங்களிலயும் கொமினிகேஷன்களிலயும் இன்னும் கிடக்கு. அதுக்கு 4 ஜிபி ராம் வேணுமெண்டால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கிறதாகப் பார்த்து எடுக்கோணும். ஒரு பக்கத்தில மட்டும் 8 சிப் உள்ள புது வகை ஏறாது. கடையில எண்ணிப் பாருங்கோ, ஒருத்தரும் சிரிக்க மாட்டினம். அந்தப் போட்டில 1600 கேக்கவே வேண்டாம்.

லப்டொப் ஆக்களுக்கும் ஒரு சொல். டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். எல் உள்ளது பெரும்பாலும் பழைய 1.5 இடத்திலயும் ஓடும். ஆனால் நாலாம் தலைமுறையில இருந்து வந்த மெல்லிய லப்டொப் பல, 1.35ஐத் தவிர வேற ஒண்டையும் ஏற்காது. டிடிஆர்4ஐ டிடிஆர்3 ஸ்லொட்டில தள்ளிப் பார்க்காதேங்கோ. வெட்டு இருக்கிற இடம் வேற, அமத்தினால் உடையும். அமத்தினவை இருக்கினம்.

ஐப்பசி 3

32 பிட் விண்டோஸ் 7இல 8 ஜிபி போட்டும் 3 ஜிபிச் சொச்சம்தான் காட்டுது எண்டு ஒருத்தர். அது ராமின்ர குற்றமில்லை. 32 பிட் வீட்டு விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல எட்டாது, அதிலயும் கொஞ்சம் போட்டுக்கும் படத்துக்கும் போயிடும். 64 பிட் போடுங்கோ.

ஐப்பசி 9

மாங்குளத்தில இருந்து ஒரு ஐயா எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறார். தான் 1600 போட்டாராம், கொம்பியூட்டர் புதுசு மாதிரி ஓடுதாம், "அனுபவத்துக்கு முன்னால உங்கட நானோ செக்கன் எல்லாம் சும்மா."

துருவித் துருவிக் கேட்டதில வந்த விபரம்: முன்னம் இருந்தது 2 ஜிபி, இப்ப 8. கடைக்காரர் பெட்டியைத் திறந்த கையோட புளோவர் அடிச்சிருக்கிறார், புரொசசருக்குச் சூடு கடத்திற பேஸ்ட்டும் புதுசாகப் பூசியிருக்கிறார். வேகம் கூடினது உண்மை, ஐயா பொய் சொல்லேல்லை. ஆனால் அந்த மூண்டு வேலையையும் விட்டிட்டு, ஸ்டிக்கரில இருந்த 1600க்கு மாலை போடுறார்.

புழுதியை லேசாக நினைக்காதேங்கோ. ஏ9 வீதியோரத்து வீடுகளில, அறுவடை நேரம் வயல்கரை வீடுகளில நான் திறக்கிற பெட்டியளில புரொசசரின்ர சூட்டை எடுக்கிற ஹீட்சிங்கின்ர இடுக்கெல்லாம் செம்மண்ணும் பதரும் அப்பிக்கிடக்கும். காத்துப் போக வழியில்லை. புரொசசர் சூடேறினால் தன்னைக் காப்பாத்தத் தானே வேகத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலுக்குத் தகரக் கூரைக்குக் கீழ அது நாள் முழுக்க அப்பிடித்தான் நடக்குது. காலமை ஒழுங்காக ஓடுற கொம்பியூட்டர் மத்தியானம் இழுக்குது எண்டால் ராமைப் பார்க்க முதல் ஃபானைப் பாருங்கோ. ராமின்ர பொன்னிறப் பல்லுகளையும் அழிறப்பரால மெல்லத் தேய்ச்சு, துகளை ஊதிப்போட்டுத் திரும்பச் செருகுங்கோ. கரண்டைக் கழட்டிப்போட்டு.

ஐப்பசி 11

அந்த ஐயா பதில் போட்டிருக்கிறார்: "இருந்தாலும் 1600தான்." சரி ஐயா.

ஐப்பசி 15

நேற்று, ஒக்டோபர் 14, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் குடுத்த காலம் முடிஞ்சுது. இதையும் கனபேர் கேக்கினம். மைக்ரோசொஃப்ட் கணக்கு வச்சுப் பதிஞ்சால் பாதுகாப்பு அப்டேற் 2026 ஒக்டோபர் வரைக்கும் வரும். விண்டோஸ் 11 இன்டெல்லில எட்டாம் தலைமுறைக்குக் கீழ முறையாக ஏறாது. அதுக்கு ராமை எவ்வளவு மாத்தினாலும் பலனில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுற லினக்ஸ் மின்ட் இந்தப் பழசுகளில நல்லா ஓடும். மின்ட் செய்யிறவை 2 ஜிபி குறைஞ்சது, 4 இருந்தால் வசதி எண்டுதான் கேக்கினம். தமிழ் அடிக்கவும் வழி இருக்கு, சூமும் ஓடும்.

ஐப்பசி 19, மழை

விசுவமடு அக்காவிட்ட இருந்து செய்தி. பாவிச்ச 4 ஜிபி ஒண்டு, 1333, வாங்கிப் போட்டாச்சு. இரண்டு ஸ்லொட்டும் காட்டுது. சூமும் பிறவுசரும் சேர்ந்து ஓடுதாம், மெமரி 60 வீதத்துக்குக் கிட்ட நிக்குதாம். ஆனால் சுவிட்சைப் போட்டு எழும்பிவாற நேரம் அப்பிடியேதான் இருக்காம். இடைக்கிடை ஒரு அசைவும் இல்லாமல் நிண்டிட்டுத் திரும்ப ஓடுதாம்.

அந்த நிண்டு நிண்டு ஓடுறது எனக்குப் பிடிக்கேல்லை. டிஸ்கின்ர நிலையைக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போடச் சொன்னன். மஞ்சள், அதாவது எச்சரிக்கை. வாசிக்கேலாமல் நிக்கிற செக்டர்கள் (டிஸ்கின்ர சின்னத் துண்டுகள்) இருக்கு. டிஸ்க் ஒரு இடத்தை வாசிக்கத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், அதுவரைக்கும் விண்டோஸ் கையைக் கட்டிக்கொண்டு நிக்கும். எந்த ராமும் இதைத் திருத்தாது.

எங்கட பக்கம் ஹாட் டிஸ்க் இப்பிடிப் போறதில கரண்டுக்கும் பங்கு இருக்கு. எழுதிக்கொண்டிருக்கேக்க சடாரெண்டு நிக்கும், வரேக்க ஏறி இறங்கி வரும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினதை ஆரும் மறந்திருக்கமாட்டினம். அந்த வருசம் என்னட்ட வந்த பெட்டியளில டிஸ்க் பழுதுதான் கூட. 2002 சமாதான காலத்தில கிளிநொச்சியில கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனவைக்குத் தெரியும், கரண்ட் எண்டால் ஜெனரேற்றர்தான். எண்ணெய் முடியுது எண்டு வெளியில இருந்து ஆரும் கத்தினால் அறை முழுக்க "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" எண்டு ஒரே சத்தம். இப்பவும் எனக்குக் கை தன்பாட்டில கொன்ட்ரோல் எஸ்ஸுக்குப் போகும்.

அக்கா, மகள்ர நோட்ஸ், படங்கள் எல்லாத்தையும் இண்டைக்கே பென் டிரைவுக்கு மாத்துங்கோ. பிறகு எஸ்எஸ்டி, சுத்துற தட்டில்லாமல் சிப்பில சேமிக்கிற டிஸ்க்.

ஐப்பசி 20

எஸ்எஸ்டி எண்டவுடன ஸ்காபரோ அண்ணை திரும்ப வந்திட்டார். எச்61இல சாட்டா 3 (டிஸ்கை மதர்போட்டோட இணைக்கிற வேகமான வழி) இல்லை, எஸ்எஸ்டி பாதி வேகம்தான் ஓடும், காசு வீண் எண்டுறார்.

முதல் பாதி சரி. எச்61 சிப்செட்டில இருக்கிறதெல்லாம் சாட்டா 2. எஸ்எஸ்டி பெட்டியில 500 எண்டு போட்டிருந்தாலும் செக்கனுக்கு 300 எம்பிக்குள்ளதான் வரும். ஆனால் விண்டோஸ் எழும்பேக்க ஒரே பெரிய ஃபைலை வாசிக்கிறதில்லை, ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். ஹாட் டிஸ்க் அப்பிடிச் செக்கனுக்கு நூறு மட்டில எடுக்கும். மலிவான எஸ்எஸ்டியும் ஆயிரக்கணக்கில எடுக்கும், சாட்டா 2இலயும்தான். அண்ணை, உங்களுக்கு இலக்கத்தில ஒரு பக்தி இருக்கு, அது குறையேலாது போல.

கார்த்திகை 4

அக்காவுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் புதுசாக ஏத்திக் குடுத்தாச்சு. இப்ப தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க முன்னம் டெஸ்க்டொப் வந்திடுதாம். மஞ்சள் காட்டின டிஸ்கைக் கழட்டி வச்சிருக்கு, அதில ஒண்டும் வைக்கவேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன்.

கடையில 1600 போடச் சொன்ன காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் இரண்டும் முடிஞ்சுது. அக்கா, கரண்ட் நிண்டாலும் கொஞ்ச நேரம் பட்டரியில ஓட்டுற ஒரு மலிவு யூபிஎஸ்ஸும் கேக்கிறா, பார்த்துச் சொல்லுறன். பாவிச்சது வாங்கினால் பட்டரி செத்துத்தான் இருக்கும்.

மார்கழி 8

புயல் மழையால கனநாள் இஞ்சால வரேலாமல் போச்சு. தண்ணி ஏறின வீட்டுக் கொம்பியூட்டரை உடன போட்டுப் பார்க்காதேங்கோ. கழட்டி, சேத்தைக் கழுவி, நிழலில வடிவாகக் காயவிட்டு, பவர் சப்ளையை மட்டும் விவரம் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ. அதுக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கும்.

ராம் விலை ஏன் ஏறுது எண்டு ஒரு கேள்வி. செயற்கை நுண்ணறிவுக்காரருக்கு உலகம் முழுக்கச் சிப் போகுது. மைக்ரோன், குரூஷியல் எண்ட பேரில ஆக்களுக்கு ராம் விக்கிற வேலையை விடுறதாக 2025 மார்கழித் தொடக்கத்தில அறிவிச்சிருக்கு. டிடிஆர்5க்கும் டிடிஆர்4க்கும்தான் அடி கூட. பாவிச்ச டிடிஆர்3 இன்னும் கையில எட்டுது, ஆனால் "பிறகு வாங்குவம்" எண்டு இருக்கிறவை பிந்தாதேங்கோ.

மார்கழி 10

ஒட்டுசுட்டான் தம்பி, ஐ5-3470 மூண்டாம் தலைமுறை, அது 1600ஐ முறையாக ஏற்கும். உம்மட்ட 1333 நாலு ஜிபி இரண்டு இருக்கு எண்டால் அப்பிடியே விடும், மாத்தினால் வித்தியாசம் தெரியாது. புதுசாக வாங்குறீர், விலையும் ஒண்டு எண்டால் 1600ஐ எடும். ஆனால் எழும்ப நேரம் செல்லுது எண்டு எழுதியிருக்கிறீர். ராமின்ர படம் வேண்டாம், ஹாட் டிஸ்கின்ர கிறிஸ்டல் படத்தை அனுப்பும்.